ஆறாம் நம்பர் விழவில்லை

1

நான் கப்பலேறி இந்த ஐப்பசியோடு ஏழு வருஷம் முடிகிறது. இந்த ஏழு வருஷத்தில் ஊரிலிருந்து நீங்களெல்லாம் எழுதிய கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைத்தான் கேட்டன. அங்கே ஆஸ்பத்திரி எப்படி இருக்கும்? நானும் ஒரே பதிலைத்தான் எழுதிவருகிறேன். சத்தமே இருக்காது.

விருதுநகரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் வாய்விட்டுக் கூப்பிடத்தான் வேண்டும். இங்கிலாந்தில், யார்க்ஷயர்ப் பக்கத்துப் பஞ்சாலை ஊரான இங்கே அப்படி இல்லை. கீழ்த்தளத்தில் ஓர் அறை. அதில் காதில் கருவி மாட்டிய ஒரு பெண். ஆஸ்பத்திரியின் எல்லாத் தொலைபேசிக் கம்பிகளும் அவள் கை வழியாகத்தான் போகும். டாக்டரைக் கூப்பிட நடைபாதைகளின் மூலையில் வண்ண விளக்குகள் இருக்கின்றன. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் ஒரு டாக்டர், வெள்ளை மட்டும் எரிந்தால் இன்னொருவர். போன வருஷம் முதல் அதுவும் பழசாகிவிட்டது. டாக்டர்களின் சட்டைப்பையில் சோப்புப் பெட்டி அளவில் ஒன்று இருக்கிறது. அது கீச்சென்று கத்தினால், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தொலைபேசியைத் தேடி ஓடுவார்கள். நோயாளிகளுக்குக் கட்டிலுக்கொரு பொத்தான். அமுக்கினால் வார்டு வாசலில் விளக்கு எரியும், மெல்ல ஒரு மணி அடிக்கும்.

இதிலெல்லாம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. முதல் மூன்று மாதம் தொலைபேசியில் யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிப் பதில் சொன்னேன். மறுமுனையில் "லைனில் இருக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நானும் ஆட்டிக்கொண்டே இருப்பேன். அப்புறம் என் பெயர். எனக்கு ஞானசுந்தரி என்றுதான் பெயர் வைத்தார்கள். பாஸ்போர்ட் ஆபீஸில் ஆரம்பித்த குழப்பத்தில் அப்பா பெயர் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதை மாற்றித்தர மூன்று ஆபீஸ்களுக்கு மனுப் போட்டேன். மூன்றும் அடுத்த ஆபீஸைக் கைகாட்டின. அதனால் இங்கே ஒலிபெருக்கியில், "நர்ஸ் அருளப்பன், உடனே வரவும்" என்று அழைக்கிறார்கள். ஆமத்தூர்ப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவர் என் அப்பா. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அந்த ஊரில் நாலு பேர்கூட இல்லை. இங்கே ஊர் பேர் தெரியாத பையன்களெல்லாம் கூப்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் வேடிக்கையாக எழுதி அனுப்பி, நீங்கள் சிரித்ததாகப் பதிலும் வந்திருக்கிறது. இந்தத் தடவை எழுதப்போவது வேடிக்கை இல்லை.

மூன்று மாதம் முன்பு எங்கள் வார்டுக்கு மிஸஸ் ஹார்கிரீவ்ஸ் என்று ஒரு கிழவி வந்தாள். இடுப்பெலும்பு முறிவு. அவளுக்கு அந்தப் பொத்தான் மேல் அப்படியொரு பிரியம். திரையை விலக்க அமுக்குவாள். மணி என்ன என்று கேட்க அமுக்குவாள். போய் நின்றால், "ஒன்றுமில்லை கண்ணே, நீ இருக்கிறாயா என்று பார்த்தேன்" என்பாள். மூன்றாம் நாள் வார்டு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, பொத்தானை அவள் கைக்கு எட்டாமல் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் சுற்றிவைக்கச் சொன்னார். இங்கே இது புதிதில்லை. எல்லா வார்டிலும் சத்தமில்லாமல் நடப்பதுதான். நானே இரண்டொரு தடவை மற்றவர்கள் செய்யும்போது பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அன்றைக்கு முடியாது என்று சொன்னேன். சிஸ்டர் இன்னொரு தடவை சொன்னார். நானும் இன்னொரு தடவை முடியாது என்றேன். ஏழு வருஷத்தில் யாரையும் எதிர்த்துப் பேசாத நான் சொன்னதால், விஷயம் மேட்ரன் வரைக்கும் போனது.

2

ஐம்பதுகளின் நடுவில் நான் விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, அங்கே டாக்டரைக் கூப்பிடத் தண்டவாளத் துண்டு ஒன்று இருந்தது. முன் வராந்தாவில் கம்பியில் தொங்கும். ஒரு அடி அடித்தால் கம்பவுண்டர், இரண்டு அடித்தால் ஆபரேஷன் தியேட்டர் ஆட்கள், மூன்று அடித்தால் பெரிய டாக்டரம்மா. வளாகத்தின் கோடியில் அவர் பங்களா. மூன்றாவது அடியின் அதிர்வு அடங்குவதற்குள் வேப்பமரத்தடியில் அவர் வெள்ளைப் புடவை தெரியும். நோயாளிகளுக்கென்று எந்த ஏற்பாடும் கிடையாது. கூடவே வந்து தங்கும் சொந்தக்காரர்கள்தான் ஏற்பாடு. மருமகள் ஓடிவருவாள், இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டில்காரி குரல் கொடுப்பாள்.

ஐம்பத்தெட்டு வாக்கில் சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த ஒருவர், தன் மனைவி பிழைத்ததற்கு நன்றியாக, மின்சார மணி போட்டுக் கொடுத்தார். மதுரையிலிருந்து ஆள் வந்து ஒரு வாரம் கம்பி இழுத்தான். கட்டிலுக்கொரு கம்பி, அதன் நுனியில் சின்னக் கத்தரிக்காய் அளவில் ஒரு மரக்கட்டை, கட்டையில் ஒரு பொத்தான். எங்கள் மேஜைக்கு மேலே கண்ணாடி போட்ட பலகை. எந்தக் கட்டிலில் அமுக்கினாலும் மணி அடிக்கும், பலகையில் அந்தக் கட்டிலின் நம்பர் டக்கென்று விழும். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, கீழே உள்ள கம்பியை இழுத்தால் நம்பர் மேலே ஏறிக்கொள்ளும். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. தீக்காய வார்டில் எம். புதுப்பட்டி, அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மணியைச் சோதித்துப் பார்க்க எலெக்ட்ரீஷியன் பொத்தானை அமுக்கினான். மணி அடித்த மறு நொடி, கட்டுப்போட்ட காலோடு இரண்டு பெண்கள் வராந்தாவைத் தாண்டி முற்றத்தில் நின்றார்கள். மற்றவர்கள் கட்டிலைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கம்பெனியில் மணி அடித்தால் ஒரே அர்த்தம்தான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும். டாக்டரம்மா அன்றைக்கே அந்த வார்டின் கம்பிகளைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

பெண்கள் வார்டில் வேறு தொல்லை. கட்டையைக் கையில் கொடுத்தாலும் அமுக்க மாட்டார்கள். உங்களை மணியடிச்சுக் கூப்பிடுறதாம்மா, நாங்க என்ன கலெக்டரா என்று கேட்பார்கள். மணியடித்து ஆளைக் கூப்பிடுவதை அவர்கள் மில் முதலாளியின் மேஜையில்தான் பார்த்திருந்தார்கள். படித்த பெண்ணை, அதுவும் வெள்ளை உடுப்புப் போட்டவளை அப்படிக் கூப்பிட அவர்களுக்கு மனசு வரவில்லை. நான் ஒவ்வொரு கட்டிலாகப் போய், அமுக்குங்க, தப்பில்லை, அதுக்குத்தான் வச்சிருக்கு என்று சொல்லிப் பழக்கினேன். அப்படிப் பழக்கியவளும் நான்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

3

சீனியம்மாளைப் பழக்க வேண்டியிருக்கவில்லை.

இது அவருடைய உண்மையான பெயர் இல்லை. ஊரையும் ஆமத்தூர்ப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நாற்பது வயது, பருத்தியும் மிளகாயும் விளைகிற பெரிய காட்டுக்காரக் குடும்பம். வயிற்றில் கட்டி. ரத்தம் குறைவாக இருந்ததால், ஊசி போட்டு உடம்பைத் தேற்றிய பிறகுதான் ஆபரேஷன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பத்து நாள் முன்னதாகவே வந்து ஆறாம் நம்பர் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

சும்மா சொல்லக் கூடாது, சிரித்த முகம். ஆனால் வந்த அன்றைக்கே அந்தக் கட்டை அவருக்குப் பிடித்துப்போயிற்று. தலையணையைத் திருப்பிப்போட மணி. வாசலில் வந்தது எங்க ஊர் வண்டியா என்று பார்த்துச் சொல்ல மணி. வெற்றிலைப் பெட்டி கீழே விழுந்தால் மணி. மற்ற நர்சுகள் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அப்பாவின் சம்பளம் போதாத மாதங்களில் என் அம்மா அந்தப் பக்கத்துக் காடுகளில் களையெடுக்கப் போவார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போயிருக்கிறேன். வரப்பில் நின்று இரண்டு கையையும் தட்டுவார்கள், அம்மா நிமிர்ந்து பார்க்க வேண்டும். பெயர் சொல்லக் கூட மாட்டார்கள். அந்தக் கைதட்டலுக்கு இனிமேல் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் நான் நர்சுக்குப் படித்தேன். மணி அடித்து ஆறாம் நம்பர் விழும்போதெல்லாம், வரப்பில் யாரோ நின்று கைதட்டுவதாகவே எனக்குத் தோன்றியது. பாவம், அந்த அம்மாளுக்கு என் அம்மா யார் என்றே தெரியாது.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு, நான் ஒரு குழந்தைக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. ஓடினேன். ஜன்னல் வழியாக வெயில் முகத்தில் படுகிறது, கதவைச் சாத்தணும் என்றார். ஜன்னல் அவர் கைக்கு எட்டுகிற தூரம். நான் சாத்தினேன். சாத்திவிட்டுச் சொன்னேன்:

"நான் உங்க காட்டுல களையெடுக்க வந்த ஆள் இல்ல. உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் இதை அமுக்குங்க. மத்ததுக்கு அமுக்குனா நான் வரமாட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சீனியம்மாள் முகம் சுண்டிப்போயிற்று. கட்டையைக் கட்டில் ஓரமாக மெல்ல வைத்துவிட்டு, சரிங்கம்மா என்றார். அதுவரை என்னை வாம்மா, போம்மா என்று பேசிக்கொண்டிருந்தவர். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அதையும் மறைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறாம் நம்பர் விழவில்லை.

4

ஆபரேஷன் காலை ஒன்பது மணிக்கு. நல்லபடியாக முடிந்தது. பதினொரு மணிக்கு வார்டுக்குக் கொண்டுவந்தோம். மயக்கம் தெளிந்ததும் கண் திறந்து பார்த்தார், பேசினார். கணவர் அழகர்சாமி கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது, உதட்டைப் பஞ்சால் நனைக்கலாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். கட்டையைச் சீனியம்மாளின் கைக்கு எட்டும்படி தலையணையோடு சேர்த்துக் குத்திவைத்தேன்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதுவானாலும் அமுக்குங்கம்மா, அன்னைக்கு ஏதோ கோவத்துல சொன்னேன் என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அரைமணிக்கொரு தடவை நாடி பார்க்க வேண்டும். பன்னிரண்டரை வரை பார்த்தேன், நன்றாகவே இருந்தது. அப்போதுதான் வாசலில் லாரி வந்து நின்றது. தீபாவளிச் சீசன். ஆர்டர் நெருக்கடியில் ஒரு கம்பெனியில் மருந்து உலர்த்தும் இடத்தில் பற்றிக்கொண்டது. பதினான்கு பேரை வாழை இலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். பின்னாலேயே அவர்கள் ஊர் ஜனங்கள் பஸ்ஸிலும் வண்டியிலும் வந்து நடைபாதை முழுக்க நின்று அழுதார்கள். டாக்டரம்மா பெண்கள் வார்டுக்கு ஒரே ஒரு ஆயாவை விட்டுவிட்டு எங்கள் எல்லாரையும் தீக்காய வார்டுக்கு வரச் சொன்னார்.

போகும்போது மேஜைப் பலகையை ஒரு தடவை பார்த்தேன். எல்லா நம்பரும் மேலே இருந்தன. நான் கட்டுப்போட்டுக்கொண்டிருந்த அறைக்கும் அந்த மேஜைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எத்தனை அழுகைக்கு நடுவிலும் அந்த மணி காதில் விழும். இரண்டு தடவை விழுந்தது. முதலில் மூன்றாம் நம்பர், அப்புறம் ஒன்பது. ஆயா போய்ப் பார்த்தாள். மூன்றாவது தடவை அடிக்கவில்லை. ஆபரேஷன் பண்ணின அம்மா நன்றாகத் தூங்குகிறார் போல என்று நினைத்தேன். மணி அடிக்காதது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

மூன்று மணிக்குத்தான் திரும்பினேன். வாசலில் இருந்து பார்த்தபோதே தெரிந்துவிட்டது. முகம் சுண்ணாம்பாக இருந்தது. நெற்றி முழுக்க வேர்வை, கை சில்லிட்டிருந்தது, நாடி விரலுக்குச் சிக்கவில்லை. கட்டை தலைமாட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்த் தண்டவாளத்தில் மூன்று அடி அடித்தேன். டாக்டரம்மா மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறந்தார். உள்ளே ஒரு ரத்தக்குழாயில் போட்ட கட்டு நழுவியிருந்தது. அழகர்சாமியும் அவர் தம்பியும் ரத்தம் கொடுத்தார்கள். ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

5

விசாரணை நடந்தது. மதுரையிலிருந்து எலெக்ட்ரீஷியன் வந்து ஆறாம் நம்பர் பொத்தானை அமுக்கினான். மணி அடித்தது, நம்பர் விழுந்தது. கூப்பிட்டாரா என்று டாக்டரம்மா ஆயாவிடம் கேட்டார், என்னிடம் கேட்டார். இல்லை என்றோம். டாக்டரம்மா என் கண் முன்னால் எழுதினார். அழைப்பு மணி சரியாக இயங்கியது, நோயாளி அழைக்கவில்லை. அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. பக்கத்துக் கட்டில்காரி ஆபரேஷனுக்கு முந்தின நாளே வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டவர்கள் இனி இங்கே யாரும் இல்லை என்று நினைத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அழகர்சாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். மொட்டையடித்த தலை, கையில் மஞ்சள் பையில் நிலக்கடலை. மற்ற நர்சுகளிடம் கொடுத்துவிட்டு என்னைத் தேடி மருந்தறைக்கு வந்தார். "நீங்க எம்புட்டோ பாத்தீக. அவளுக்கு அம்புட்டுதான் கொடுத்து வச்சது" என்றார். அதற்கப்புறமும் போகாமல் நின்றுகொண்டிருந்தார். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு மருந்துப் பாட்டில்களை அடுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, வாரேன் சிஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணம் ஆகி, மகள் ரூத் பிறந்து, இந்தத் தேசத்துக்கு வர மனுப் போட்டபோது, இங்கே நர்சுகளைப் பதிவு செய்கிற ஆபீஸ் என் சர்டிபிகேட்டை இரண்டு தடவை திருப்பியனுப்பியது. முத்திரை சரியில்லை என்றார்கள், பெயர் ஒத்துப்போகவில்லை என்றார்கள். கடைசியில் டாக்டரம்மாவே ஒரு நற்சாட்சிப் பத்திரம் எழுதி அனுப்பினார். அதைத்தான் ஏற்றுக்கொண்டார்கள். அதில் ஒரு வரி: நோயாளிகளின் அழைப்புக்கு உடனடியாகச் செல்பவர். அந்தத் தாளின் பிரதி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ஊரைவிட்டு வந்ததற்கு நான் எல்லாரிடமும் சம்பளத்தைத்தான் காரணம் சொன்னேன். அந்த வார்டுக்குள் தினமும் நுழைய முடியாமல்தான் வந்தேன் என்பது என் கணவருக்கே தெரியாது.

6

மேட்ரன் நல்ல மனுஷி. உட்காரச் சொன்னார். இத்தனை வருஷமாக உன்மேல் ஒரு புகார் கிடையாது, இதற்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டார். எனக்கு இங்கிலீஷ் வராமல் இல்லை. நான் அந்த விஷயத்தைத் தமிழிலேயே யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் ஒரு அம்மா இறந்துபோனார் என்று மட்டும் சொன்னேன். மேட்ரன் ஐயோ பாவம் என்றார். மேலதிகாரியின் சொல்லுக்குக் கீழ்ப்படியவில்லை என்று தட்டச்சு செய்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கி என் கோப்பில் சேர்த்தார். மிஸஸ் ஹார்கிரீவ்ஸை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே பொத்தானை எங்கே கட்டினார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அதே வாரம் ரூத்தின் பள்ளிக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி வந்தது. வயிற்றுவலியில் சுருண்டுவிட்டாள் என்றார்கள். போய்ப் பார்த்தால் மூன்று நாளாக வலியாம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள், டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது பத்து வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அந்தப் பதிலும் வர வரக் குறைந்துகொண்டே போகிறது. நான் அதற்கெல்லாம் இந்த ஊரையும் இந்தப் பள்ளிக்கூடத்தையும்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிதாக ஒன்றுமில்லை, குடலில் சின்ன வீக்கம், மருந்திலேயே சரியாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை. நான் எப்போது கூப்பிட்டாலும் நீ முதலில் அவசரமா என்றுதானே கேட்பாய், இது அவசரமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை என்றாள். தெரியவில்லை என்பதை மட்டும் தமிழில் சொன்னாள்.

அன்றைக்கு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். வயிற்றில் கட்டியோடு படுத்திருந்த ஒருவரிடம், உசுருக்கு ஆபத்தா இல்லையா என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதை முடிவு செய்யத்தானே என்னைப் படிக்க வைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து அதையே பெற்ற பிள்ளைக்கும் செய்துகொண்டிருக்கிறேன்.

மறுநாள் தபாலாபீஸில் ஏர்மெயில் நீலக் காகிதம் ஒன்று வாங்கி அழகர்சாமிக்கு எழுதினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மாவின் களையெடுப்பு, ஜன்னல் கதவு, நான் சொன்ன வார்த்தைகள், சொல்லாமல் விட்ட வார்த்தை எல்லாவற்றையும் எழுதினேன். உங்கள் மனைவி கூப்பிடாமல் போனதற்கு நான்தான் காரணம், மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள் என்று முடித்தேன்.

7

பதில் பதினெட்டாம் நாள் வந்தது. பென்சில் எழுத்து, வரிகள் மேலும் கீழுமாக ஓடின. இவ்விடம் சுகம் என்று ஆரம்பித்தவர், இரண்டாவது வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார். அவர் எழுதியதை எழுதியபடியே தருகிறேன்.

"நீங்க அவள வஞ்சது எனக்கு அன்னைக்கே தெரியும். அவதான் சொன்னா, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எம் மேல தப்புதான், வீட்டுல இருக்கிறதா நெனச்சுக்கிட்டேன்னு சொன்னா. ஆபரேசன் அன்னைக்கு ஒரு மணிபோல தாகம் தாகம்னு சொன்னா. நீங்க தண்ணி கூடாதுன்னு சொல்லியிருந்தீக. பஞ்ச நனச்சு வச்சேன். அவளுக்குத் தாங்கல. பெறவு அந்தக் கட்டைய எடுத்து அமுக்கப் போனா. நாந்தான் அவ கையில இருந்து வாங்கி ஆணியில மாட்டுனேன். அங்கன அம்புட்டுப் பேரு வெந்து கெடக்காக, நீ தாகத்துக்குப் போயி மணியடிக்கயே, சிஸ்டர் வைவாகன்னு சொன்னேன். அவ பெறவு கேக்கல. கொஞ்ச நேரத்துல அசந்துட்டா, தூங்குறான்னு நெனச்சேன். பதினாறு முடிஞ்சு உங்களப் பாக்க வந்தது இதச் சொல்லத்தான். நீங்க தலையக் குனிஞ்சு நின்னீக. வாய் வரல. எம் பிள்ளைகளுக்குக் கூட இது தெரியாது."

இவ்வளவையும் நான் நின்றபடியே படித்தேன். அந்த மருந்தறையில் அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்ல வந்திருக்கிறோம். இரண்டு பேரும் சொல்லவில்லை. யாரையும் குறை சொல்லத் தெரியாத அந்த மனுஷனின் வாயில் என் வார்த்தையைப் போட்டதும் நான்தான். சிஸ்டர் வைவார்கள் என்ற பயம் இல்லாவிட்டால், அவர் ஏன் அந்தக் கட்டையைப் பிடுங்கப் போகிறார்?

கடிதத்தின் ஓரத்தில், இடமில்லாமல் குறுக்காக எழுதியிருந்தார். "ஒண்ணு மட்டும் கேக்கணும். அவ அமுக்கப் போனதத் தடுக்காம விட்டிருந்தா, நீங்க வந்திருந்தா, அவ பிழைச்சிருப்பாளா? நீங்க படிச்சவுக. மறைக்காமச் சொல்லுங்க."

அடங்காத தாகம் என்பது என்ன என்று எந்த நர்சுக்கும் தெரியும். உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். முதல் வருஷப் பாடத்திலேயே சொல்லித்தருவார்கள். ஒரு மணிக்கு அந்தச் சொல் என் காதில் விழுந்திருந்தால் நான் நாடியைப் பிடித்திருப்பேன், ஐந்து நிமிஷத்தில் டாக்டரம்மா வந்திருப்பார்.

அன்றைக்கே பதில் எழுதினேன். பிழைத்திருக்க மாட்டார் என்று எழுதினேன். உள்ளே போட்ட கட்டு நழுவிவிட்டால் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது, நீங்கள் எழுதியிருந்த அந்தக் காரியத்தால் எதுவும் மாறவில்லை, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்டு முதல் கடிதம் எழுதிய அதே கையால், அதே பேனாவால் அந்தப் பொய்யை எழுதினேன். எழுதி ஒட்டும்போது எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்தது. அதற்காகவும் வெட்கப்பட்டேன்.

போன வாரம் அவர் மகனிடமிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது. அப்பா காலமாகிவிட்டார், கடைசியாக உங்கள் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார், கேட்டுவிட்டு நன்றாகத் தூங்கினார் என்று எழுதியிருந்தான். எதற்காக அந்தக் கடிதம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டேன். பெயர்களை மாற்றியதும் அவனுக்காகத்தான்.

ஆனால் அவர் மறைக்காமல் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவருக்கு இனி வலிக்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். பிழைத்திருப்பார்.